பாதி வசனத்தில் விழுந்த திரை

போன வாரம் நீங்கள் கொடுத்தனுப்பிய நாடகப் பிரதியை இரண்டு முறை படித்தேன். நாடகம் நன்றாக இருக்கிறது, அதைப் பற்றி நேரில் பேசலாம். எனக்கு வயிறு எரிந்தது அந்தப் பென்சில் கோடுகளைப் பார்த்துத்தான். பதினோரு இடத்தில் கோடு போட்டு, ஓரத்தில் "ஆட்சேபம் வந்தால் எடுத்துவிடலாம்" என்று எழுதியிருக்கிறீர்கள். யார் ஆட்சேபித்தார்கள்? இன்னும் ஹால் பார்க்கவில்லை, தேதி முடிவாகவில்லை, பாதி வேடத்துக்கு ஆள் கிடைக்கவில்லை. அதற்குள் வராத ஆளுக்கு நாற்காலி போட்டு உட்காரவைத்து, அவர் முகம் சுளிக்கிறாரா என்று பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

"உங்க அனுபவத்துல வேற எங்கயாவது வெட்டணும்னு தோணினா சொல்லுங்க மேடம்" என்று கடிதம் வேறு. கேட்டுவிட்டீர்கள், சொல்கிறேன். எனக்கு வெட்டத் தெரியும். ஒரு முறை வெட்டியிருக்கிறேன். அது எப்படி நடந்தது என்று இதுவரை நம் குழுவில் யாருக்கும் முழுதாகச் சொன்னதில்லை. கௌரவமாக மறைத்து வைத்திருந்தேன் என்று நினைக்காதீர்கள். வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான்.

தொண்ணூற்றேழோ தொண்ணூற்றெட்டோ இருக்கும். பகலில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் டைப்பிஸ்ட் வேலை, சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமையும் நாடகம். குழுவில் நான்தான் பிராம்ப்டர். மேடையின் சைடு விங்கில், பார்ப்பவர் கண்ணுக்குப் படாமல், பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு நின்று வசனத்தை எடுத்துக் கொடுக்கிற வேலை. திரைக் கயிறும் என் கையில்தான். இப்போது உங்களுக்கெல்லாம் ஞாபகசக்தி அதிகம், பிராம்ப்டர் என்றாலே சிரிக்கிறீர்கள். அன்றைக்கு எங்கள் நடிகர்கள் ஷிப்ட் முடித்துவிட்டு, சாப்பாட்டு டப்பாவோடு ஒத்திகைக்கு வருகிறவர்கள். இரண்டு பக்க வசனத்தை நடுவில் யாராவது விட்டுவிட்டால் தூக்கி நிறுத்த ஒரு ஆள் வேண்டும்.

எங்கள் டைரக்டர் அதற்கு இரண்டு விதி வைத்திருந்தார். நாடகம் தொடங்கிவிட்டால் அவர் உட்பட எல்லோரும் பிராம்ப்டர் சொல்வதைக் கேட்க வேண்டும். நான் ஒரு பக்கம் தாண்டி எடுத்துக் கொடுத்தால், ஏன் என்று கேட்காமல் தாண்டிவிட வேண்டும். மேடையில் நிற்பவனுக்குத் தெரியாத ஆபத்து விங்கில் நிற்பவளுக்குத் தெரிந்திருக்கும் என்பார். இன்னொரு விதி, என் குரல் நடிகர் காதோடு நிற்க வேண்டும். முன்வரிசைக்குக் கேட்டுவிட்டால் அந்த நடிகர் மானம் போயிற்று. வசனம் மறந்துவிட்டார் என்றுதான் ஹால் முழுக்க நினைக்கும்.

அந்த வருஷத்து நாடகத்தை டைரக்டரே எழுதியிருந்தார். ஒரு வார்டு பிரமுகர் வீட்டில் பெண் வயசுக்கு வருகிறாள். அப்பாவுக்கு அடுத்த தேர்தலில் நிற்க ஆசை. மகளின் மஞ்சள் நீராட்டு விழாவைப் பந்தலும் பேனரும் தலைவர்களும் பிரியாணியுமாகப் பொதுக்கூட்டம் ஆக்கிவிடுகிறார். அம்மாவுக்கு அம்மன் பயம். முறைப்படி செய்யாவிட்டால் குடும்பத்துக்கு ஆகாது என்று மாவிளக்கு வேண்டிக்கொள்கிறாள். தாய்மாமன் தட்டுத் தட்டாகச் சீர் கொண்டு வருகிறான், அடுத்தது கல்யாணம்தான் என்ற தோரணையில். அந்தப் பெண்ணிடம் மட்டும் யாரும் எதுவும் கேட்பதில்லை. கடைசிக் காட்சியில், ஆரத்தி எடுப்பதற்கு முன்னால், அவள் பேசுகிறாள். இரண்டு பக்கம். நாடகமே அந்த இரண்டு பக்கத்துக்காகத்தான்.

"எனக்கு என்ன ஆச்சுன்னு எனக்கே புரியல. அதுக்குள்ள ரோடு முழுக்க என் போட்டோ. அம்மா, உங்க அம்மன் என்கிட்ட எதுவும் கேக்கலம்மா, நீங்களும் கேக்கல" என்று ஆரம்பித்து, அப்பாவிடம் போய், கடைசியில் தாய்மாமனிடம் வரும். "மாமா, கொண்டுவந்த சீரைத் திருப்பி எடுத்துட்டுப் போங்க. நான் படிக்கணும். உங்க மேல கோவம் இல்ல, எனக்கு உங்களக் கட்டிக்க வேணாம்" என்று முடியும். அவ்வளவுதான் புரட்சி. இதற்குத்தான் அத்தனை பேரும் நடுங்கினோம்.

அந்த வேடத்துக்கு வந்தவள் புனிதா. பதினேழு வயது, ஒல்லி, பாவாடை சட்டை போட்டால் பதின்மூன்று என்று நம்பலாம். ஓசூரைத் தாண்டி, கன்னட நாட்டுக்குள் இருக்கிற சந்தாபுராவில் வீடு. அவள் அப்பா ஹெப்பகோடியில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் ஆபரேட்டர். தருமபுரியிலிருந்து வந்த குடும்பம். அவருக்கு நாடகம் என்றால் உயிர், அவரேதான் மகளைக் கூட்டிக்கொண்டு வந்து, "நல்லா சத்தமா பேசும்மா எம்பொண்ணு" என்று விட்டுவிட்டுப் போனார். அவள் பி.யூ.சி. இரண்டாம் வருஷம், அதாவது பன்னிரண்டாம் வகுப்பு, படித்துக்கொண்டிருந்தாள்.

ஒத்திகைக்கு வந்த மூன்றாவது வாரம், டீ குடிக்கும்போது என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, நாடகத்தன்னைக்கு எங்க அப்பாம்மா வருவாங்க. எங்க மாமாவும் ஓசூர்லருந்து வரும்."

"வரட்டும், நல்லதுதானே."

"எனக்கும் அந்த மாமாவுக்கும்தான் பேசி வெச்சிருக்காங்க. பரீட்சைக்கு முன்னாடியே முடிச்சிடணும்னு மாமா சொல்லுது. நாங்க இங்க இருக்கறதும் மாமாவோட சொந்த வீடுதான். அப்பா வாயத் தெறக்க மாட்டாரு."

நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். அவள் வெகு சாதாரணமாகப் பேசிக்கொண்டே போனாள்.

"வீட்டுல சொன்னா அடி விழும். மேடையில சொன்னா கை தட்டுவாங்க. முன்னூறு பேரு கை தட்டினதுக்கப்புறம் வீட்டுக்கு வந்து அடிக்கக் கை வராது இல்லக்கா?"

"நல்லா பண்ணு, நான் விங்லதான இருக்கேன், பயப்படாத" என்று சொன்னேன். இந்த வார்த்தையை நான் சொன்னேன் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆனேக்கல் போகிற வழியில் ஒரு கல்யாண மண்டபம். அந்தப் பக்கத்துத் தமிழர் மன்றம் ஒன்றின் ஆண்டு விழா. மாலை ஐந்தரைக்கு நாடகம், முடிந்ததும் சிறப்பு விருந்தினர் கையால் எல்லோருக்கும் பொன்னாடை. மணமகள் அறைதான் எங்களுக்கு மேக்கப் ரூம். அப்பா வேடம் டைரக்டரே போட்டிருந்தார், அதனால் திரை தூக்கியதிலிருந்து முக்கால்வாசி நேரம் அவர் மேடையில். வெளியே எது நடந்தாலும் முடிவு எடுக்க வேண்டியவள் நான்தான். ஹால் நிரம்பியிருந்தது. மூன்றாவது வரிசையில் புனிதாவின் அப்பா, அம்மா, பக்கத்தில் வெள்ளைச் சட்டையில் அந்த மாமா. விங்கின் இடுக்கு வழியே பார்த்தேன். நல்ல மனுஷன் மாதிரிதான் இருந்தார். அவரைப் பற்றி எனக்கு இன்னும் பெரிய புகார் இல்லை. என் புகாரெல்லாம் வேறு ஆட்கள் மேல்.

முதல் பாதியில் ஹாலில் எதிர்பாராத இடத்திலெல்லாம் சிரிப்பு வந்தது. பேனர் கட்டுகிற காட்சியில் ஜனங்கள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு சிரித்தார்கள். நாடகம் எடுபட்டுவிட்டது என்று எனக்கு ஒரே சந்தோஷம். கடைசிக் காட்சி தொடங்கி ஐந்து நிமிஷம் இருக்கும், மன்றத்துச் செயலாளர் விங்குக்குள் மூச்சு வாங்க ஓடிவந்தார்.

"மேடம், அந்தப் பொண்ணு கடைசில ஏதோ நீளமா பேசுதாமே. அது வேணாம். நேரா ஆரத்திக்குப் போயிடுங்க."

"ஏன் சார்?"

"சீஃப் கெஸ்ட் யாருன்னு தெரியும்ல? போன மாசம்தான் அவரு பொண்ணுக்கு விசேஷம் பண்ணாரு. இங்கருந்து ஆனேக்கல் வரைக்கும் பேனர். ஜனங்க அவரையே பாத்துச் சிரிக்கறாங்க. எங்க மன்றத் தலைவருக்குக் கை காலெல்லாம் ஒதறுது."

அந்தச் சிறப்பு விருந்தினர் ஒரு கான்ட்ராக்டர், மூன்று தலைமுறையாக அந்தப் பக்கத்திலேயே இருக்கிற தமிழ்க் குடும்பம், தேர்தலில் நிற்கப்போகிறார் என்று பேச்சு. டைரக்டருக்கு அவரைத் தெரியவே தெரியாது. நாடகத்தை எழுதி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஊரில் பத்து வீட்டில் நடப்பதை எழுதினால் அது யாராவது ஒருவருக்குப் பொருந்தத்தான் செய்யும்.

"அவரு ஏதாவது சொன்னாரா?" என்று கேட்டேன்.

"சொல்லணுமா? நாமதான் புரிஞ்சிக்கணும். சும்னே ஏன் கலாட்டா? ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க. நாளைக்கு இங்க தமிழ்க்காரங்க ஹால்ல அடிச்சிக்கிட்டாங்கன்னு பேப்பர்ல வந்தா நல்லாவா இருக்கும்? தொண்ணூத்தொண்ணு மறந்துபோச்சா உங்களுக்கு?"

இதைச் சொன்னதற்கு அந்த மனிதரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. தொண்ணூற்றொன்று எனக்கு மறந்துபோகுமா? காவிரிக் கலவரத்தின்போது என்னையும் என் தங்கையையும் மூன்று நாள் தன் வீட்டுக்குள் வைத்துக் காப்பாற்றியது எதிர்வீட்டுக் கன்னடத்து அம்மாள். வாசலில் ஆட்கள் வந்து கேட்டபோது, "இல்லி யாரூ இல்ல, ஹோகி", இங்கே யாரும் இல்லை, போங்கள் என்று துடைப்பத்தோடு நின்றார். அந்தப் பயம் நிஜமான பயம். உயிர் போகிற பயம். அதைக் கொண்டுவந்து, ஒரு பிரமுகருக்கு முகம் சுருங்கிவிடுமோ என்ற அல்ப விஷயத்துக்கு இவர் முட்டுக் கொடுத்தார். அந்த நாளிலிருந்து எங்கள் ஜனங்களிடம் இது ஒரு பழக்கமாகவே போய்விட்டது. எதைச் செய்ய இஷ்டமில்லையோ அதற்கெல்லாம் தொண்ணூற்றொன்றைக் காரணம் காட்டிவிடலாம், யாரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள்.

நானும் எதிர்த்துப் பேசவில்லை. மேடையில் அந்தப் பெண்ணின் இரண்டு பக்கம் வருவதற்கு முக்கால் நிமிஷம்தான் இருந்தது. அந்த முக்கால் நிமிஷத்தில் நான் என்ன யோசித்தேன் என்று நேர்மையாகச் சொல்கிறேன். அடுத்த வருஷம் இந்த மண்டபம் கிடைக்குமா என்று யோசித்தேன். குழுவுக்குக் கெட்ட பேர் வருமோ என்று யோசித்தேன். புனிதாவை யோசிக்கவில்லை என்று சொன்னால் பொய். யோசித்தேன். பாவம், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று யோசித்தேன். உங்களுக்கும் நாளைக்கு இந்த "அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" வரும். அது வரும்போது உங்கள் கையை நீங்களே பிடித்து நிறுத்திக்கொள்ளுங்கள்.

இரண்டு பக்கத்தைத் தாண்டினேன். அம்மா வேடம் போட்டவருக்கு அதற்கடுத்த வரியை எடுத்துக் கொடுத்தேன். "வாடி, வந்து நில்லு, ஆரத்தி கரைச்சாச்சு."

அம்மா வேடக்காரர் திகைத்துப்போய் டைரக்டரைப் பார்த்தார். டைரக்டர் அசையவில்லை. பந்தலில் உட்கார்ந்திருக்கிற அப்பாவாக, வெற்றிலைத் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். என் சொல்லுக்கு எல்லோரும் கட்டுப்பட வேண்டும் என்று விதி போட்ட மனிதர், முதன்முறையாக அதை மீறினார். மறுபடியும் எடுத்துக் கொடுத்தேன், இந்த முறை சத்தமாக. "வாடி, ஆரத்தி கரைச்சாச்சு!" முன்வரிசையில் இரண்டு தலைகள் என் பக்கம் திரும்பின.

புனிதாவும் திரும்பி விங்கைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள், என் பின்னால் நின்ற செயலாளரையும் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. பிறகு நிதானமாக ஹால் பக்கம் திரும்பி ஆரம்பித்தாள்.

"எனக்கு என்ன ஆச்சுன்னு எனக்கே புரியல..."

நான் மூன்றாவது முறையும் அவள் வசனத்தின் மேலேயே கத்தினேன். அவள் ஒரு நொடி தடுமாறினாள், விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொண்டு போனாள். அம்மாவிடம் பேசினாள், அப்பாவிடம் பேசினாள். தாய்மாமன் வேடக்காரர் பக்கம் திரும்பி, "மாமா" என்றாள். செயலாளர் என் தோளைத் தொட்டு, "திரை, மேடம், திரை!" என்றார்.

கயிற்றை விட்டேன். திரை விழுந்தது. மைக்செட்காரர் மைக்கை அணைத்தார். திரைக்குப் பின்னால் புனிதா நிறுத்தவில்லை, மிச்சம் இருந்த அரைப் பக்கத்தையும் துணியைப் பார்த்துச் சொல்லி முடித்தாள். அதற்குள் வெளியே கைதட்டல் வந்துவிட்டது, யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. டைரக்டர் எழுந்து வந்து என் கையிலிருந்த பிரதியை வாங்கிக்கொண்டார்.

இதோடு முடிந்திருந்தால் ஒரு கோழைத்தனம் என்று எழுதி மூடிவிடலாம். முடியவில்லை. ஐந்து நிமிஷத்தில் எங்களை வரிசையாக நிறுத்தித் திரையைத் தூக்கினார்கள். தலைவர் மைக்கைப் பிடித்து வானளாவப் புகழ்ந்தார். சிறப்பு விருந்தினர் ஒவ்வொருவருக்காகப் பொன்னாடை போட்டுக்கொண்டே வந்தார். என் முறை வந்தது. அவர் முகத்தில் ஒரு கோபமும் இல்லை. வாயெல்லாம் பல்லாக இருந்தார்.

"பிரமாதம்மா! எங்க வீட்டுலயும் இப்பதான் விசேஷம் நடந்துச்சு, அப்படியே நேர்ல பாத்த மாதிரி இருந்துச்சு. கடைசில அந்தப் பாப்பா என்னமோ சொல்ல வந்துச்சே, அதுக்குள்ள திரையப் போட்டுட்டீங்களே. என்ன சொல்ல வந்துச்சு?"

ஆமாம். அந்த மனிதருக்குத் தன்னைத்தான் ஊர் பார்த்துச் சிரிக்கிறது என்பதே தெரியவில்லை. அந்த மாதிரி ஆட்களுக்குத் தெரியாது. மேடையில் அவர்களையே நிறுத்தி வைத்தாலும், இது யாரோ அடுத்த வார்டுக்காரன் என்று ரசித்துவிட்டுப் போவார்கள். அவர் எதையும் ஆட்சேபிக்கவில்லை. மீதியைக் கேட்க ஆசைப்பட்டார்! ஒருவரும் வேண்டாம் என்று சொல்லாத ஒரு வசனத்தை, சொல்லிவிடுவார்களோ என்று பயந்து, ஒரு தலைவரும் ஒரு செயலாளரும் நானுமாகச் சேர்ந்து கழுத்தை நெரித்திருந்தோம்.

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். "அவளையே கேளுங்க சார்" என்று ஒரு வாக்கியம். மைக் அங்கேயே இருந்தது, ஜனங்கள் எழுந்து போகவில்லை, அந்த மாமா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். எல்லாம் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. செயலாளர் பக்கத்தில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணுமில்லீங்க. பொண்ணு வசனத்த மறந்துட்டா" என்றேன்.

தலைவர் மைக்கை என் வாய்க்குப் பக்கத்தில்தான் பிடித்துக்கொண்டிருந்தார். ஹால் முழுக்கக் கேட்டது. ஏற்கெனவே நான் இரண்டு முறை கத்தி எடுத்துக் கொடுத்ததை எல்லோரும் கேட்டவர்கள், அதனால் உடனே நம்பினார்கள். அனுதாபமாகச் சிரித்தார்கள். யாரோ "பரவால்ல பாப்பா!" என்று குரல் கொடுத்துக் கை தட்டினார்கள். அவள் எதிர்பார்த்திருந்த கைதட்டல் இதற்கு வந்தது. நான்காவது ஆளாக நின்ற புனிதா தலை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையைப் பற்றி நான் எதுவும் எழுதப் போவதில்லை.

மணமகள் அறையில் எல்லோரும் மேக்கப் கலைத்துக்கொண்டிருந்தோம். புனிதாவின் அப்பா கதவருகில் வந்து நின்றார். அவள் முகத்தில் பவுடரோடு அப்படியே எழுந்து போனாள்.

"நான் மறக்கலப்பா."

"சரிம்மா, வுடு. முதல் தடவ இல்ல?"

"மறக்கலன்னு சொல்றேன்ல! இரு, கேளு."

முழுதாகச் சொன்னாள். அறையில் இருந்த எட்டுப் பேரும் கையில் இருந்ததை அப்படியே வைத்துவிட்டு நின்றோம். ஒரு சொல் தவறவில்லை. அம்மாவிடம் பேசுவது, அப்பாவிடம் பேசுவது, மாமாவிடம் பேசுவது எல்லாம். கடைசி வரி வந்தபோது நாடகத்தில் இல்லாத ஒன்றையும் சேர்த்துக்கொண்டாள். "பரீட்சை எழுதணும்பா. எழுத வுடச் சொல்லுப்பா."

அவர் அழுதார். தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தார். பரம சாதுவான மனிதர்.

"இத ஏம்மா அங்க சொல்ல வுடல? எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது? நான் சொன்னா என் மச்சான் கேப்பானா? முன்னூறு பேரு முன்னாடி எம்பொண்ணு கேட்டிருந்தா, 'ஊரே கேட்டுச்சேடா'ன்னு நான் ஒரு வார்த்த பேசியிருப்பேன். எனக்கும் ஒரு தைரியம் வந்திருக்கும். இப்ப அவன் என்னா சொல்றான் தெரியுமா? ரெண்டு பக்கத்த மனசுல வெக்கத் தெரியல, இது பரீட்சை எழுதி என்னா கிழிக்கப்போவுது, பேசாம நிறுத்துங்கன்னு சொல்லிச் சிரிக்கிறான். நீங்க சொன்னீங்களேம்மா மைக்குல, அத வெச்சித்தான் சொல்றான்."

என் வாயிலிருந்து விழுந்த ஒரு வாக்கியம் அரை மணி நேரத்துக்குள் அவளுடைய படிப்புக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. நான் செருப்புக்கூடப் போடாமல் வாசலுக்கு ஓடினேன். மாமா டெம்போ பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். மூச்சிரைக்கச் சொன்னேன். அவள் மறக்கவில்லை, நான்தான் திரையைப் போட்டேன், மைக்கில் சொன்னது பொய், அவளுக்கு எல்லாம் மனப்பாடம், இப்போதுகூட உள்ளே முழுதாகச் சொன்னாள், வந்து கேளுங்கள் என்று கெஞ்சினேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு கையெடுத்துக் கும்பிட்டார்.

"பரவால்ல மேடம். பொண்ண விட்டுக்குடுக்காம பேசறீங்க பாருங்க, இந்த மனசு யாருக்கு வரும்? சின்னப் பொண்ணுதான, மறந்துபோறது சகஜம். அதுக்குப் போய் பழிய உங்க மேல போட்டுக்கறீங்களே."

பொய்யை ஹால் முழுக்க நம்பியது. உண்மையை ஒரே ஒரு ஆளிடம் சொன்னேன், அதைப் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டார். மைக்கில் சொன்னதை வாசலில் நின்று திருப்பி வாங்க முடியாது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். இதைத் தெரிந்துகொள்ள அந்தப் பெண் விலை கொடுத்தாள், நான் கொடுக்கவில்லை. எனக்குப் பொன்னாடை கிடைத்தது.

செயலாளர் மறுநாள் போன் செய்து, விழா அமோகமாக நடந்தது, ஒரு கலாட்டாவும் இல்லை, அடுத்த வருஷமும் நீங்கள்தான் வர வேண்டும் என்றார். என் வாழ்க்கையில் போனில் அவ்வளவு கெட்ட வார்த்தை நான் வேறு யாரையும் திட்டியதில்லை. திட்டி என்ன பிரயோஜனம்? கயிறு அவர் கையிலா இருந்தது? அதற்குப் பிறகு நான் பிராம்ப்டராக நின்ற எந்த நாடகத்திலும், எவர் வந்து தோளைத் தொட்டாலும், எழுதியிருப்பதைத்தான் எடுத்துக் கொடுத்தேன். இரண்டு மண்டபங்கள் எங்களுக்குக் கதவைச் சாத்தின. ஒரு இடத்தில் கல் வந்து விழுந்தது. பெரிய தியாகம் என்று சொல்ல வரவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை நான் பயந்ததில் பாதிகூட எங்கும் நடக்கவில்லை என்பதைச் சொல்கிறேன்.

டைரக்டர் என்னைக் குழுவிலிருந்து அனுப்பவில்லை. அடுத்த ஒத்திகைக்கு அதே பிரதியை என் கையிலேயே கொடுத்தார். அனுப்பியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

புனிதா அதற்குப் பிறகு ஒத்திகைக்கு வரவில்லை. அவளுக்குப் பதினெட்டு முடிகிற வரைக்கும் இரண்டு மாதம் காத்திருந்தார்கள், சட்டத்துக்கு மரியாதையாம். தை மாதம் ஓசூரில் கல்யாணம். பரீட்சை மார்ச்சில். அவள் அப்பாவே வந்து பத்திரிகை வைத்தார், என்னைப் பார்த்துச் சிரிக்கக்கூட முயற்சி செய்தார். எனக்குப் போக முகம் இல்லை. டைரக்டர் மட்டும் போய்விட்டு வந்தார். எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். மேடையில் ஏறி வாழ்த்தும்போது, குனிந்து அவர் காதில் ஒன்று சொன்னாளாம்.

"அக்காகிட்ட சொல்லிடுங்க சார். எனக்கு இன்னும் முழுசா ஞாபகம் இருக்குது."